ஸ்விஃப்டைத் தாழ்த்தி 16 இன்ச் அலாய் மாட்டுவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து அலைன்மென்ட் வரை

மாருதி சுசுகி ஸ்விஃப்டைக் கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். டயருக்கு மேலே, வீல் ஆர்ச்சுக்குள் ஒரு கை தாராளமாக நுழையும். நம் ஊர்ச் சாலைகளுக்காகக் கம்பெனி விட்டுவைத்த இடைவெளி அது. வண்டி உயரமாகவும் சக்கரம் சின்னதாகவும் தெரிவதற்குக் காரணமும் அதுதான். பலர் இதைப் பார்த்துவிட்டு நேராகப் போய் 17 இன்ச் அலாய் ரிம் வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகும் இடைவெளி அப்படியேதான் இருக்கும். ரிம் பெரிதாக ஆக டயரின் பக்கச்சுவரைக் குறைத்துத்தான் போடுகிறோம். சக்கரத்தின் மொத்த உயரம் மாறுவதில்லை. இடைவெளியைக் குறைப்பது சஸ்பென்ஷனின், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அமைப்பின் வேலை. ஆர்ச்சுக்குள் ஒளிந்திருக்கும் சக்கரத்தை பாடியின் விளிம்பு வரை வெளியே கொண்டுவருவது ரிம்மின் வேலை, அதிலும் குறிப்பாக ஆஃப்செட்டின் வேலை.

இரண்டையும் சேர்த்து யோசித்தால் ஸ்விஃப்டுக்கு 16 இன்ச் ரிம்மும் 25 முதல் 30 மி.மீ. இறக்கமும் போதும் என்பது என் உறுதியான கருத்து. அதைத் தாண்டினால் அழகு கொஞ்சம்தான் கூடும், தொல்லை நிறையக் கூடும். 2018 முதல் 2024 வரை விற்ற மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்டை வைத்து எழுதுகிறேன். வேறு வண்டி என்றால் எண்கள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதலில் சட்டம்

காசு செலவழிப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே நிலையை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, விதிமீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நடைமுறையில் பார்த்தால் உங்களுடையது 14 இன்ச் சக்கரத்தோடு வந்த எல்எக்ஸ்ஐ அல்லது விஎக்ஸ்ஐ என்றால், இசட்எக்ஸ்ஐயில் கம்பெனியே கொடுத்த 185/65 ஆர்15-க்கு மாறுவதில் சிக்கல் மிகக் குறைவு. அது அதே மாடலுக்கான அளவு. பொதுச் சாலையில் ஓடும் வண்டியைத் தாழ்த்துவதற்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் கிடையாது. இன்சூரன்ஸும் அப்படித்தான். அலாயைத் துணைப்பொருளாகப் பாலிசியில் சேர்க்கலாம். சேர்க்காவிட்டால் திருட்டுப் போனாலும் உடைந்தாலும் அதற்குப் பணம் வராது. ஸ்பிரிங் மாற்றியதைச் சொல்லாமல் விட்டு, பிறகு விபத்து நடந்தால் கிளெய்மில் கேள்வி வரும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு முடிவு உங்களுடையது.

டயர் கணக்கு

டயரில் 185/65 ஆர்15 என்று இருந்தால், 185 என்பது மி.மீ.யில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் என்பது. 15 என்பது இன்ச்சில் ரிம்மின் விட்டம். 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், அதோடு ரிம் 381 மி.மீ.; மொத்தம் 621.5 மி.மீ. சின்ன வேரியன்ட்டின் 165/80 ஆர்14-க்கு இதே கணக்குப் போட்டால் 619.6 வரும். கம்பெனி இரண்டையும் எவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிறது பாருங்கள். ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் கியர் விகிதமும் இந்த உயரத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

16 இன்ச்சில் 195/55 போட்டால் 620.9 மி.மீ., கிட்டத்தட்ட அச்சு அசல். 195/60 போட்டால் 640.4, மூன்று சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 82-ஐத் தாண்டியிருக்கும், ஆர்ச்சிலும் உரசும். 17 இன்ச்சில் 205/45 போட்டால் 616.3 வருகிறது, கணக்கு சரிதான். ஆனால் பக்கச்சுவர் 92 மி.மீ.தான் மிஞ்சும். மழைக்காலம் முடிந்த பிறகு நம் சாலையில் கிடக்கும் குழிகளுக்கு அது போதாது. ரிம் வளையும், டயரின் பக்கவாட்டில் கொப்புளம் போடும். 16-இல் 107 மி.மீ. இருக்கிறது. அந்த 15 மி.மீ. வித்தியாசம்தான் என்னை 16 இன்ச் பக்கம் நிறுத்துகிறது.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். சைஸுக்குப் பக்கத்தில் 87, 88, 91 என்று போட்டிருப்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 87 என்றால் 545 கிலோ, 88 என்றால் 560, 91 என்றால் 615. 185/65 ஆர்15 பொதுவாக 88-இல் வரும். 195/55 ஆர்16 சாதாரண டயர் 87. அதே சைஸில் எக்ஸ்எல் என்று கூடுதல் பலத்தோடு வருவது 91. கடையில் 91-ஐக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தோடு, லக்கேஜோடு ஊருக்குப் போகிற வண்டி அது.

ரிம் வாங்கும்போது

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி இடத்துக்குப் போனால் டிசைனைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நீங்கள் எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்விஃப்டின் பி.சி.டி. 4x100, அதாவது நாலு நட், 100 மி.மீ. வட்டத்தில். சென்டர் போர், அதாவது ஹப் (சக்கரம் மாட்டும் அச்சின் நடுத்தலை) உட்காரும் நடு ஓட்டை, 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலாய்களில் இந்த ஓட்டை பெரும்பாலும் பெரிதாக இருக்கும், எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக. அப்படி இருந்தால் உள்விட்டம் 54.1 உள்ள சென்ட்ரிக் ரிங் நாலும் கட்டாயம் வாங்குங்கள். ரிங் இல்லாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் ரிம் நடுவில் உட்காராமல் போகலாம். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் 80, 90-இல் ஸ்டியரிங் ஆடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் காரணம் பிடிபடாது.

நட்டின் மரையும் முக்கியம். சுசுகியில் 12 மி.மீ. ஸ்டட், மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ. ஹோண்டா, ஹூண்டாய் நட்டுகள் 1.5 மரை. கலந்துபோன டப்பாவிலிருந்து எடுத்து நியூமேட்டிக் கன்னில் ஏற்றினால் ஸ்டட் நாசம். நட்டை எப்போதும் கையால் நாலு சுற்று ஏற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்பானர். அப்புறம், நட்டின் முனை ரிம்மில் உட்காரும் சரிவுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கூம்பு முனை உள்ள நட்டுக்குக் கூம்புக் குழி இருக்க வேண்டும்.

இப்போது ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ஈ.டி. என்று ஆங்கில எழுத்தில் போட்டு ஒரு எண் இருக்கும். ஹப்பில் படும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பது அந்த எண். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். உங்கள் பழைய ரிம்மைக் கழற்றி அதில் என்ன அகலம், என்ன ஈ.டி. என்று படித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குப் பழையது 5.5 இன்ச் அகலம், ஈ.டி. 45, புதியது 6.5 இன்ச், ஈ.டி. 40 என்று வைத்துக்கொள்வோம். 5.5 இன்ச்சில் பாதி 69.9 மி.மீ.; வெளிப்பக்கம் 69.9-இலிருந்து 45-ஐக் கழித்தால் 24.9, உள்பக்கம் 45-ஐக் கூட்டினால் 114.9. புதியதில் பாதி 82.6, வெளிப்பக்கம் 42.6, உள்பக்கம் 122.6. ஆக வெளியே சுமார் 18 மி.மீ. வருகிறது, உள்ளே ஷாக் பக்கம் சுமார் 8 மி.மீ. போகிறது. இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் ரிம் வாங்காதீர்கள்.

வெளியே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆர்ச்சின் உச்சியிலிருந்து நூலை ஹப்புக்கு நேராகத் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து ரிம்மின் விளிம்புக்கும் டயரின் புடைப்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளங்கள். நாலு சக்கரத்துக்கும் அளக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்காது. உள்ளே டயருக்கும் ஷாக்குக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று பார்க்கக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, சக்கரத்தை மாட்டிக் கழற்றி, நசுங்கிய தடிமனை அளக்கலாம். புதிய ரிம்மோடு அங்கே 5, 6 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். இடம் பற்றாததால் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் தகடு போட்டுத்தான் ஒரு ரிம் பொருந்தும் என்றால் அந்த ரிம் உங்கள் வண்டிக்கானது இல்லை.

தரத்தைப் பொறுத்தவரை, ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள், தாங்கும் எடை, தயாரித்தவர் பெயர் எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் தராசு இருந்தால் எடை போடச் சொல்லுங்கள். மலிவான வார்ப்பு ரிம்கள் கனமாக இருக்கும். பிக்கப் குறைவதும் ஸ்டியரிங் மந்தமாவதும் பாதி அதனால்தான். வெல்டிங் வைத்த செகண்ட்ஹேண்ட் ரிம்மை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எவ்வளவு இறக்கலாம்

ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 163 மி.மீ. 30 இறக்கினால் 133. ஆள் ஏறினால் இன்னும் இறங்கும். உங்கள் வீட்டாரை நாலு பேராக ஏற்றி எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று இப்போதே அளந்துவிடுங்கள். 30, 35 இறங்கும் என்றால் மிஞ்சுவது 100-ஐ ஒட்டித்தான்.

இனி வேகத்தடை. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் தரமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் மெதுவாக எழுந்து இறங்கும் வளைவு. ஸ்விஃப்டின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். அதாவது வண்டியின் நடுப்பகுதி உச்சியில் இருக்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேல்தான் இருக்கும். கணக்குப் போட்டால் மேடு சக்கர மட்டத்திலிருந்து சுமார் 44 மி.மீ.தான் எழும்பி நிற்கும். 100 மி.மீ. கிளியரன்ஸ் உள்ள வண்டி அலுங்காமல் தாண்டிப் போகும். நம் தெருக்களில் இருப்பது அதுவா? ஒரு முழ அகலத்தில், அரை அடி உயரத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன சிமென்ட் கட்டி. முன் சக்கரம் இறங்கிய பிறகு மொத்த மேடும் வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும். அதன் முழு உயரத்தையும் உங்கள் கிளியரன்ஸ் கடக்க வேண்டும். ஆகவே தினமும் போகும் வழியில் இருக்கும் மோசமான நாலைந்து வேகத்தடைகளை டேப்பால் அளந்து பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவின் முனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் 30 ஆகாது என்று சொன்னால் 20 போதும். அதுவும் ஆகாது என்றால் உயரத்தைத் தொடாமல் ரிம்மோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

எதை வைத்து இறக்குவது

ஸ்பிரிங்கை வெட்டுவதுதான் பட்டறைகளில் சொல்லும் மலிவான வழி. வேண்டாம். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், எவ்வளவு இறுகும் என்பது யார் கட்டுப்பாட்டிலும் இருக்காது. வெட்டிய முனை, ஸ்பிரிங் அமரும் தட்டான சீட்டில் ஒழுங்காக உட்காராது. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். பெரிய குழியில் சக்கரம் தொங்கினாலும் அதேதான் நடக்கும். கேஸ் விளக்கால் சூடுகாட்டி உட்காரவைப்பது இன்னும் மோசம். எஃகின் பதம் போய், என்றைக்காவது ஓடும்போதே உடையலாம்.

உங்கள் மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங் செட்தான் தெருவில் ஓடும் வண்டிக்குப் பொருத்தம். உயரம் குறைவதால் ஷாக்கின் பயண தூரமும் குறையும், அதை ஈடுகட்ட இந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாகச் செய்திருப்பார்கள். ஷாக் நல்ல நிலையில் இருந்தால் 30 மி.மீ. வரை அதையே வைத்துக்கொள்ளலாம். 60, 70 ஆயிரம் கி.மீ. ஓடிய ஷாக் என்றால் ஒரே வேலையாகப் புதிதாகவே போடுங்கள், கூலி ஒரு தடவையோடு முடியும். உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயிலோவரும் ஏர் சஸ்பென்ஷனும் நல்ல பொருள்கள்தான். இந்த அளவு இறக்கத்துக்கு அவ்வளவு காசு தேவையில்லை.

மாற்றும் வேலை

ரிம்முக்கு முன்னால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். புது ஸ்பிரிங் இரண்டு வாரம் ஓடினால் இன்னும் கொஞ்சம் உட்காரும், அதன் பிறகு தூக்குக்குண்டு அளவை மறுபடி எடுத்து ரிம்மை முடிவு செய்வதுதான் நம்பகமான வழி. கழற்றும் முன் ஹப்பின் நடுவிலிருந்து ஆர்ச் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதிவைக்கவும். டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறாது.

முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரம் கழற்றி, ஏபிஎஸ் ஒயர் கிளிப்பையும் பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்ற வேண்டும். பிறகு ஹப்பைத் தாங்கும் நக்கிளின் இரண்டு போல்ட், கடைசியாக மேல் மவுன்ட். ஒயர் கிளிப்பை மறந்து ஸ்ட்ரட்டை இழுத்தால் சென்சார் அறுந்துவிடும். ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி உள்ள பட்டறையிலேயே செய்யுங்கள். அழுத்தாமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் உயிரை எடுக்கும் வேகத்தில் தெறிக்கும். புது ஸ்பிரிங்கின் அடிமுனை சீட்டில் உள்ள படியில் முட்டி நிற்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். செட்டோடு குட்டையான பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது முட்டும் ரப்பர்) வந்திருந்தால் அதைத்தான் போட வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால் சின்னப் பள்ளத்துக்கே முட்டும்.

பின்பக்கம் சுலபம். இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீமை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இங்கே பல பட்டறைகள் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் பின் பீமும் அசையும் மூட்டுகளில் உள்ள புஷ்கள் ரப்பர். பழைய உயரத்தில் இறுக்கிய நிலையில் இருக்கின்றன. வண்டி இறங்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில், வண்டியின் முழு எடையும் அதன்மேல் இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ராம்ப்பில் தொங்கும்போது இறுக்கினால் பயனில்லை.

சக்கரம் ஏறிய பிறகு

ஹப்பின் முகத்தில் உள்ள துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ரிம்மை ஏற்றுங்கள். நட்டைக் குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை சரிபார்க்கவும். புது அலாயில் நட் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். அடுத்து ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள். பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு மேடு ஏறி இறங்குங்கள். ஆர்ச் லைனரில் பளபளப்பாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் உரசுகிறது என்று அர்த்தம். ஆர்ச் விளிம்பை மடித்துவிடலாம் என்பார்கள். பெயின்ட் வெடித்து அங்கிருந்து துரு ஆரம்பிக்கும், சென்னை மாதிரிக் கடற்கரை ஊர்களில் இன்னும் வேகமாக. உரசினால் ஆஃப்செட்டைத்தான் மாற்ற வேண்டும்.

வீல் அலைன்மென்ட்டை அன்றைக்கே செய்யாமல் விடாதீர்கள். வண்டி இறங்கும்போது முன் சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாயும், டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணமும் மாறும். சாய்வை விட டோதான் டயரைத் தின்னும். உள்பக்கம் கம்பி தெரியும்வரை தேய்ந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின் பீமில் கோணத்தைத் திருப்பி வைக்க வசதி கிடையாது. இடது வலது அளவுகளில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பீம் முன்பே வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹெட்லைட்டையும் மறக்க வேண்டாம். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கவில்லை என்றால் வெளிச்சம் ஒன்று சாலையில் கிட்டத்திலேயே விழும், இல்லை எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். சுவரின் முன் நிறுத்திச் சரிசெய்துவிடுங்கள். காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு பழைய டயருக்கானது. பக்கச்சுவர் குறைந்த டயருக்கு 2 பி.எஸ்.ஐ. கூட்டி ஆரம்பித்து, டயர் நடுவிலும் ஓரத்திலும் சீராகத் தேய்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டெப்னி பழைய சைஸில்தான் இருக்கும். உயரம் ஒன்றுதான் என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். ஆனால் அலாய் நட் அந்த இரும்பு ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம், பழைய நட் நாலையும் டிக்கியில் போட்டுவையுங்கள். ஜாக்கி தாழ்ந்த வண்டிக்கு அடியில் நுழைகிறதா என்று, அதுவும் டயரில் காற்று இல்லாத நிலையில், வீட்டு வாசலிலேயே ஒரு தடவை சோதித்துவிடுங்கள். கழற்றிய ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப், பழைய ரிம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் கிரீஸ் தடவிப் பத்திரப்படுத்துங்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓவிடம் காட்டும்போதும், விற்கும்போதும் அவைதான் வேண்டியிருக்கும்.